டிரைவரம்மாவின் படபடப்பு

அந்த வட்டாரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. பால் போடுகிறவர் முதல் எதிர்வீட்டுக் கிழவர்வரை எல்லோருக்கும் அவள் டிரைவரம்மாதான். நகரப் பேருந்து ஓட்டுகிற பெண்கள் அந்தப் பணிமனையில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களிலும் ரிவர்ஸ் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஆண் டிரைவர்களே ஒத்துக்கொள்வார்கள். குறுகலான பணிமனை வாசலில் யாராவது வண்டியைக் கோணலாக மாட்டிக்கொண்டு விழித்தால், "டிரைவரம்மாவைக் கூப்பிடுப்பா" என்றுதான் முதல் குரல் எழும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில், வண்டி நிறைய ஆட்களோடு, ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் பேருந்தை நிறுத்திவிட்டாள்.

குறுக்கே யாரும் வரவில்லை. மழையில்லை, என்ஜினில் மக்கரில்லை. அவளுடைய நெஞ்சு மட்டும் திடீரென்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. கண்ணாடிக்கு வெளியே சாலை தள்ளித் தள்ளிப் போவதுபோல் இருந்தது. 'அவ்வளவுதான், போகப்போறேன்' என்று தோன்றியது. அந்த நிலையிலும் கை பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. பிறகு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கண்டக்டர் அனுபவசாலி. ஓய்வு பெறும் வயதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, "வண்டியில சின்னக் கோளாறு, எல்லாரும் பின் பக்கமா இறங்கிக்குங்க" என்று அறிவித்தார். ஒரு பயணியும் அவளை எட்டிப் பார்க்காதபடி கேபினுக்கு முன்னால் தன் உடம்பையே திரையாக வைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற அந்த நிற்பை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறாள். அன்றைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

மருத்துவமனையில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் சிரித்த முகத்தோடு வந்து, "இதயம் கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

ஒன்றும் இல்லை. அந்தச் சொல்தான் அவளை அதிகமாகச் சுட்டது. ஒன்றும் இல்லாமலா பாதி ஊர் போக்குவரத்தை நிறுத்தினேன்? அப்படியானால் நான் நடித்தேனா?

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அதைவிட மோசம். ஒரு தடவை வந்தது மறுபடி வந்துவிடுமோ என்ற பயமே அதைக் கூட்டிக்கொண்டு வந்தது. கடையில் வரிசையில் நிற்கும்போது வந்தது. குளிக்கும்போது வந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்கும். அடித்தால் பயம் வரும். பயந்தால் இன்னும் அடிக்கும். அதனால் படி ஏறுவதை நிறுத்தினாள். பிறகு தெருமுனைவரை நடப்பதை நிறுத்தினாள். பணிமனையில் நீண்ட விடுப்பு போட்டாள். எட்டடி அகல வண்டியை அரையடி இடைவெளியில் நுழைத்தவளுக்கு வீட்டு வாசற்படி எல்லையாகிப்போனது.

அவளுடைய கணவருக்கு பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய், மாலையில் மாவு படிந்த காதுகளோடு திரும்புவார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார், வார்த்தை வராது. பேச்சு முழுவதையும் மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர் மாடியில் இருந்தார். கணவரின் அக்கா. தையல்காரர். புருஷன் போன பிறகு மாடி அறையில் ஒரு தையல் மெஷினும் தானுமாக இருந்தார். நாக்கு அவருடைய கத்தரிக்கோலைவிடக் கூர்மை.

"நானும் ராத்திரி பகல் பாக்காம மெஷின் மிதிக்கிறேன். எனக்கு ஒரு படபடப்பும் வரல. வேலைக்குப் போகச் சோம்பல் வந்தா இப்படியும் ஒரு வியாதி வருமோ என்னமோ" என்று படிக்கட்டில் நின்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். காற்று அதை நேராகச் சமையலறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கடைசியில் கண்டக்டர் சொல்லித்தான் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "இதுக்குப் பேர் பதற்ற நோய். நீங்க நடிக்கல. பைத்தியமும் இல்ல. நிறையப் பேருக்கு வர்றதுதான், சரியாகுறதுதான்" என்றார். ஒரு மாத்திரை எழுதினார். வாரம் ஒருநாள் தன்னிடம் பேச வரச் சொன்னார். பிறகு, "கீழ் மாடியில பிசியோதெரபி இருக்கு. அங்கயும் போங்க" என்றார்.

"பிசியோவா? எனக்குக் கால் கை முறியலையே டாக்டர்?"

"பயம் தலையில மட்டுமா இருக்கு? உங்க தோள் எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தாள். இரண்டு தோள்களும் காதுகளோடு ரகசியம் பேசிக்கொண்டிருந்தன.

போவதென்று முடிவானது. ஆனால் கூட யார் போவது? கணவருக்கு விடுப்பு இல்லை. தனியாகத் தெருமுனையைத் தாண்ட அவளால் முடியாது. அன்று மாலை நாத்தனார் படியிறங்கி வந்தார், கைப்பையோடு.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்? பஸ் ஓட்டுறவளுக்கு பஸ்ல போகத் துணை வேணுமாம். வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க" என்றார். அவள் முகம் சுருங்கியதைக் கண்டும் காணாததுபோல், "நேரத்தைச் சொல்லு. எனக்குத் துணி வெட்டுற வேலை இருக்கு" என்று அவசரப்படுத்தினார்.

பிசியோதெரபி அறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நீளமான கூடம். நீல நிற மெத்தைகள், சுவரில் ஏணிபோல் அடித்த மரக் கம்பிகள், பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இரட்டைக் கம்பி, மூலையில் இடுப்பு உயரத்துக்கு ரப்பர் பந்துகள், இடம் நகராத இரண்டு சைக்கிள்கள். பக்கவாதம் வந்த ஒருவர் மேசையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட பருத்த மனிதர் ஒருவர் காலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் கூரை அதிர "அய்யோ அம்மா" என்றார்.

பிசியோ ஒரு குள்ளமான பெண். முப்பதைத் தாண்டியிருக்கலாம். விளையாட்டு ஆசிரியைபோல் குரல், கபடி ஆடுகிறவள்போல் நிற்கும் நிலை. டிரைவரம்மாவை உட்காரவைத்து, கழுத்தின் பின்புறம் விரல்களை வைத்து மெதுவாக அழுத்தினாள். "அக்கா, இது கழுத்தா, கேபிளா?" என்றாள். பிறகு படுக்கவைத்தாள்.

"ஒரு கையை நெஞ்சு மேல வைங்க. இன்னொண்ணை வயித்து மேல. சும்மா மூச்சு விடுங்க. எந்தக் கை ஆடுது?"

"மேல் கை."

"கீழ் கை?"

"தூங்குது."

"அதான். பாதி நுரையீரலை வாடகைக்கு விட்டுட்டீங்க போல. எல்லாரும் மூச்சை நல்லா இழுங்கன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். வெளிய விடுங்க. சூடான டீயை ஊதுற மாதிரி, மெதுவா, நீளமா. உள்ள வர்றது தன்னால வரும்."

சுவரோரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நாத்தனாரும் யாரும் பார்க்காதபோது ஒரு கையை வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

முதல் நாள் அதோடு நல்லபடியாக முடிந்திருந்தால் கதையில்லை. பிசியோ கண்ணை மூடச் சொன்னாள். அறை அமைதியானது. அந்த அமைதியில் டிரைவரம்மாவுக்குத் தன் நெஞ்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அடுத்த நொடி பாலத்தில் வந்த அதே அலை. விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். செருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சும்மா படுத்திருக்கக்கூட எனக்கு வரல."

"ரொம்ப நல்லது" என்றாள் பிசியோ, மனமார. "படுத்தா உங்களுக்கு ஆகாதுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. சில பேருக்கு அப்படித்தான். அமைதியே பயமுறுத்தும். வாங்க, எழுந்து நிப்போம்."

சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதிக்கச் சொன்னாள். "இந்தச் சுவரை அடுத்த ரூமுக்குத் தள்ளுங்க. முழுப் பலத்தோட. கோபம் இருந்தா அதையும் போடுங்க." டிரைவரம்மா தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். "இப்ப விடுங்க." விட்டதும் கைகளில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. கால் பாதங்கள் தரையில் இருப்பது நெடுநாளைக்குப் பிறகு தெரிந்தது. சுவர் ஒரு நூல்கூட நகரவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று ஒரு நூல் நகர்ந்தது.

அடுத்த தடவை ஒரு வட்டமான பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்து, "ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றாள். டிரைவரம்மா பிடித்தாள். விரல் முட்டிகள் வெளுத்தன.

"வண்டி ஓட்ட இவ்வளவு பிடி வேணுமா அக்கா?"

டிரைவரம்மா யோசித்தாள். "வேணாம். பவர் ஸ்டியரிங். ஒத்தக் கையால சுத்தலாம்."

"அப்ப மிச்சப் பிடியெல்லாம் எதுக்கு?"

பிடியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள் பிசியோ. அதில் பாதி. அதிலும் பாதி. இறுக்குவது எப்படியென்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. தளர்த்துவதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் காய் நறுக்கும்போது கத்தியை அவள் எப்படி நெரிக்கிறாள், பல் தேய்க்கும்போது தாடை எப்படி இறுகுகிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. வருஷக்கணக்காக ஒரு பேருந்தைத் தன் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறாள் போல.

ஒருநாள் முட்டிக்காரர் தன் வேதனைக்கு நடுவே இவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உனக்கென்னம்மா, வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல. சும்மா வந்து வளையத்தைப் பிடிச்சுட்டுப் போற. என் வலி எனக்குத்தான் தெரியும்."

டிரைவரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. சுவரோரத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணே, உங்க வலிக்கு முட்டின்னு ஒரு விலாசம் இருக்கு. எக்ஸ்ரேல பாக்கலாம், ஆப்பரேஷன்ல மாத்தலாம், அய்யோ அம்மான்னு கத்தலாம். இவ வலிக்கு விலாசமே இல்ல. எங்க இருக்குன்னு தெரியாத ஒண்ணை வாயைத் தொறக்காம சுமந்துட்டு இருக்கா. எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க."

முட்டிக்காரர் மடக்கிய காலை நீட்டிக்கொண்டார். பிறகு, "அதுவும் சரிதாம்மா. மன்னிச்சுக்க" என்று டிரைவரம்மாவைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனிதர்; அன்றிலிருந்து அவள் உள்ளே நுழைந்ததும் முதல் வணக்கம் அவருடையதுதான்.

டிரைவரம்மா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைப்பையின் ஜிப்பை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். சோம்பல் என்று சொன்ன அதே வாய். எப்போது மாறியது, எந்த நாற்காலியில் உட்கார்ந்து மாறியது என்று தெரியவில்லை. திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கையை நாத்தனார் தானாகவே விட்டுக்கொடுத்தார்.

பிறகு சைக்கிளின் முறை வந்தது. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டச் சொன்னாள் பிசியோ. வேர்வை அரும்பியது. நெஞ்சு வேகமெடுத்தது. மூச்சு வாங்கியது. டிரைவரம்மா கீழே குதித்துவிட்டாள்.

"வருது, வருது!"

"என்ன வருது?"

"அதேதான். பாலத்துல வந்தது."

பிசியோ பதற்றப்படவில்லை. பக்கத்து சைக்கிளில் ஏறினாள். பேய் பிடித்தவள்போல் மிதித்தாள். முகம் சிவந்து, மூச்சிரைக்க இறங்கி, டிரைவரம்மாவின் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். "அடிக்குதா?"

"பயங்கரமா அடிக்குது."

"நான் சாகப் போறேனா?"

"சேச்சே. நீங்க மிதிச்சீங்க, அடிக்குது."

"நீங்களும் மிதிச்சீங்க."

டிரைவரம்மா தன் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எங்க வண்டியில சில சமயம் ஆயில் லைட் எரியும். திறந்து பாத்தா ஆயில் சரியா இருக்கும். வயர் கோளாறா இருக்கும்" என்றாள்.

"அப்ப என்ன பண்ணுவீங்க? லைட் எரிஞ்சா வண்டியை அங்கயே விட்டுட்டு ஓடிருவீங்களா?"

"செக் பண்ணிட்டோம்னா அப்புறம் ஓட்டிப் பாப்போம்."

"உங்க இதயத்தை டாக்டர் செக் பண்ணியாச்சு. ஏறுங்க. ஓட்டிப் பாப்போம்."

ஏறினாள். இம்முறை நெஞ்சு அடிக்க அடிக்க மிதித்தாள். பயந்துகொண்டேதான் மிதித்தாள். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பது ஒவ்வொரு சுற்றிலும் உறுதியானது. நிறுத்தியதும் படபடப்பு தானாகக் குறைந்தது. அது குறைவதை அவள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஓடி ஒளியாமல் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேல் மாடி மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். "நான் பேசிப் புரியவைக்கப் பாத்ததை உங்க காலு புரிஞ்சுக்கிச்சு" என்றார்.

கொஞ்சம் தேறியதும் பிசியோ வீட்டுப்பாடம் கொடுத்தாள். பாலத்தைப் பயணியாகத் தாண்டிப் போய்வர வேண்டும். ஓட்ட வேண்டாம், சும்மா உட்கார்ந்து போனால் போதும்.

ஒரு பிற்பகலில் அவளும் நாத்தனாரும் கிளம்பினார்கள். பாலம் தூரத்தில் தெரிந்ததுமே டிரைவரம்மா முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் வண்டி நின்றதும் என்ன ஏதென்று சொல்லாமல் இறங்கிவிட்டாள். பின்னாலேயே நாத்தனாரும் இறங்கினார். பேருந்து அவர்களை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறிப் போனது.

"தோத்துட்டேன் அண்ணி. வீட்டுக்குப் போலாம்."

நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்கு எப்படிப் போறது? அந்தக் கரையில நூல் கடை இருக்கு. எனக்கு ஊதா நூல் தீர்ந்துபோச்சு. பஸ் போனா போகட்டும், நடந்து போலாம் வா."

மறுக்க வாய் திறப்பதற்குள் அவர் நடைபாதையில் ஏறிவிட்டார். வெயிலில் அந்த அம்மாளைத் தனியாக விட மனம் வரவில்லை. டிரைவரம்மா பின்தொடர்ந்தாள்.

வண்டியிலிருந்து பார்க்கும் பாலம் வேறு, நடக்கும் பாலம் வேறு. லாரி போகும்போதெல்லாம் காலுக்கடியில் மெல்ல அதிர்ந்தது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கீழே தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பாதி தூரத்தில், அன்றைக்கு வண்டி நின்ற அதே இடத்தில், அது வந்தது. மரத்துப்போன விரல்கள், இறங்க மறுக்கும் மூச்சு, தள்ளித் தள்ளிப் போகும் உலகம். அவள் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, வந்துருச்சு."

"வரட்டும். அதுக்கும் பாலம் பொதுதானே" என்றார் நாத்தனார். பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "தோளை இறக்கு. காதுகிட்ட என்ன வேலை அதுக்கு? டீயை ஊது. இன்னும் ஊது. ஆறவே இல்ல பாரு, ஊது. அந்தக் கம்பியைப் பிடுங்காத, அரசாங்கத்துக் கம்பி. பாதிப் பிடி போதும். அதுலயும் பாதி."

பிசியோவின் ஒவ்வொரு சொல்லும் அட்சரம் பிசகாமல் வந்தது. சுவரோர நாற்காலியில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களிலெல்லாம் இந்த அம்மாள் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார். அரசாங்கத்துக் கம்பி என்றதும், அந்தப் பயத்துக்கு நடுவிலும், டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்க வேண்டுமென்றால் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். விட்டாள். உள்ளே தானாக வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, நடந்து வந்தால் அடிக்காதா? அலை ஏறியது, உச்சியில் கொஞ்சம் நின்றது, பிறகு இறங்கியது. அவள் சாகவில்லை. மயங்கி விழவுமில்லை. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து வழி கேட்டுப் போனார்.

மறுகரையில் இறங்கியபோது இருவர் முதுகும் நனைந்திருந்தது. டிரைவரம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். ஒரு டயர் கடை. ஒரு மருந்துக் கடை. பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு. இந்த வழித்தடத்தில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவள் அவள். இந்தக் கரையில் நூல் கடை உண்டா என்று பயத்தில் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

"அண்ணி, நூல் கடை எங்க?"

"இருந்துச்சு" என்றார் நாத்தனார், டயர் கடையை முறைத்துக்கொண்டு. "மூடிட்டாங்க போல."

திரும்பும்போது பேருந்தில் வந்தார்கள். டிரைவரம்மா பாலம் முழுவதும் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள்.

அதற்குப் பிறகும் எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. நல்ல வாரம் ஒன்று வந்தால் பின்னாலேயே மோசமான நாள் ஒன்று வந்தது. "இது வராதுன்னு நான் உங்களுக்குச் சத்தியம் பண்ண மாட்டேன்" என்று பிசியோ தெளிவாகச் சொல்லியிருந்தாள். "வந்தா என்ன பண்ணணும்னு உங்க உடம்புக்குத் தெரியும். அதுவரைக்கும்தான் என் வேலை." கணவர் மாலையில் வந்து கூடவே நடக்க ஆரம்பித்தார். நடக்கும்போது அவருக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது. மாவு புளிப்பதைப் பற்றி, அடுப்பின் சூட்டைப் பற்றி. அவள் இத்தனை வருஷமாகக் கேட்காத விஷயங்கள்.

மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தார். பணிமனையில் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார, காலி வண்டியைப் பல நாள் ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் பழைய வழித்தடம் அவள் கைக்கு வந்தது. கண்டக்டரும் அதே கண்டக்டர்தான். ஓய்வுக்கு முன் இருந்த கொஞ்சநாளுக்கு அவர் அந்த வண்டியைத்தான் கேட்டு வாங்கியிருந்தார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் நாள், முதல் நடை. வண்டி நிறைந்திருந்தது. பாலத்தில் ஏறினாள். பாதியில் விரல் நுனி லேசாகக் குறுகுறுத்தது. 'வந்துட்டியா' என்று நினைத்தாள். தோள்களைக் கீழே விட்டாள். பிடியைப் பாதியாக்கினாள். உதட்டைக் குவித்து நீளமாக ஊதினாள். கண்ணாடி வழியே சாலை அதன் இடத்திலேயே இருந்தது. பாலம் முடிந்து சிக்னலில் நின்றபோது குறுகுறுப்பு போயிருந்தது. எப்போது போனதென்று கவனிக்கவில்லை.

"என்னம்மா ஓட்டுறீங்க, ஆபீஸுக்கு லேட்டாகுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எரிந்து விழுந்தது. முன்பு இப்படிப்பட்ட குரல்களுக்கு அவள் மனசுக்குள்ளேயே நாலு பதில் சொல்வாள். இன்று அந்த வசவு அவள் காதில் தேனாக விழுந்தது. அந்த ஆளுக்கு அவள் ஒரு நோயாளி இல்லை. வழக்கமான, மெதுவாகப் போகும், திட்டு வாங்க வேண்டிய டிரைவர். கண்டக்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். அவள் தலையசைத்தாள். விசில் ஊதினார்; வண்டி கிளம்பியது.

ஓய்வு நாளில், கணவர் தன் கையால் செய்து கொடுத்த கேக்கை எடுத்துக்கொண்டு பிசியோதெரபி அறைக்குப் போனாள். தனியாகப் போனாள். முட்டிக்காரர் இரண்டு கம்பிகளையும் விட்டுவிட்டுக் கம்பீரமாக நடந்து காட்டினார். பிசியோ மெத்தைமேல் மண்டியிட்டு ஒரு குழந்தையின் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். டிரைவரம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"என் உடம்பை எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கீங்க" என்று ஒருவழியாகச் சொன்னாள்.

பிசியோவின் கண்ணும் கொஞ்சம் பளபளத்தது. ஆனால் தொழில் புத்தி போகுமா? "நன்றி சொல்ல வர்றவங்க எல்லாரும் தோளைத் தூக்கிக்கிட்டேதான் சொல்றாங்க" என்றாள். "இறக்குங்க அக்கா. இறக்கிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க. நல்லா வாங்கிக்கிறேன்."

இறக்கிவிட்டுச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். குழந்தை கேக்கைக் காட்டி அழ ஆரம்பித்தது.

அங்கே சொல்வது சுலபமாக இருந்தது. மாடியில் சொல்வதுதான் கஷ்டம். நாத்தனாரோடு மல்லுக்கு நிற்க அவளுக்குப் பழக்கம் உண்டு. நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அன்று மாலை படியேறிப் போனாள். ஏறியதில் நெஞ்சு நன்றாகவே அடித்தது. நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடைய ரவிக்கையையோ தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் கடகடவென்று ஓடியது.

"அண்ணி, நீங்க கூட வரலேன்னா நான் அந்த ரூம் வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டேன்."

மெஷின் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடியது. தையல் நேராகத்தான் போகிறதா என்று டிரைவரம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்ன சொன்ன? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

டிரைவரம்மா கொஞ்சம் முன்னால் வந்து உரக்கச் சொன்னாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் இன்னும் வாசப்படியிலயே உக்காந்திருப்பேன்னு சொன்னேன்."

நாத்தனார் மிதியிலிருந்து காலை எடுத்தார். மெஷின் ஓய்ந்தது. திரும்பாமலேயே, ஊசியில் நூலைக் கோர்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்.

"முதல் தடவையே கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு."

டிரைவரம்மா பக்கத்தில் கிடந்த துணிக்குவியலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது தடவையாகவும் சொன்னாள்.